எருமப்பட்டிக்கு ஏற்றிப்போன கிணற்று விளையாட்டு

போன மாதம் பெங்களூரிலிருந்து இரண்டு இளைஞர்கள் தொலைபேசியில் அழைத்தார்கள். உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சூழலியல் கற்றுக்கொடுக்கும் விளையாட்டு ஒன்றை டேப்லெட்டில் செய்திருக்கிறார்களாம். அதை நாமக்கல் பக்கத்துப் பள்ளிகளுக்கு எடுத்துப்போக வேண்டும், வழியும் தங்குமிடமும் சொல்லுங்கள் என்றார்கள். "இந்தப் பகுதியில் இதுவரை யாரும் செய்யாத முயற்சி, மேடம்" என்று ஒருவர் சேர்த்துக்கொண்டார். நான் 1987-இல் செய்திருக்கிறேன் என்றேன். பிறகு, "அப்போது அங்கே கம்ப்யூட்டர் இருந்ததா மேடம்?" என்று கேட்டார்.

இருந்தது. மின்சாரமும் இருந்தது, இருந்த நேரங்களில். இந்தப் பயணப் பக்கத்தில் நான் வழக்கமாக எழுதுவது மலைப்பாதைகளையும் விடுதிக் குளியலறைகளின் சுத்தத்தையும் பற்றி. இந்த முறை அந்தப் பழைய பயணத்தை எழுதுகிறேன். அந்த இருவருக்கு மட்டுமல்ல, விளையாட்டைப் பெட்டியில் வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போய்ப் பிள்ளைகளைத் திருத்திவிடலாம் என்று நினைக்கும் எல்லோருக்கும் இது பயன்படும்.

1987 ஆகஸ்ட் மாதம். என் கணவர் இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. எனக்கு நாற்பத்து நான்கு வயது. சேலத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் உயிரியல் ஆசிரியையாக இருந்தேன். சென்னையில் இருந்த ஓர் அமைப்பு எங்கள் பள்ளிக்கு ஒரு வருடத்துக்கென்று ஒரு கணினியைக் கொடுத்திருந்தது. இன்றைய பிள்ளைகள் பார்த்தால் தட்டச்சுப் பொறி என்று நினைப்பார்கள். தொலைக்காட்சிப் பெட்டிதான் அதற்குத் திரை, டேப் ரெக்கார்டரில் ஓடும் கேசட்தான் அதற்கு மூளை. கூடவே ஒரு விளையாட்டும் வந்தது. அதைச் சுற்றுவட்டாரப் பள்ளிகளுக்குக் கொண்டுபோய்க் காட்ட ஓர் ஆசிரியை வேண்டும் என்றார்கள். மற்ற ஆசிரியைகள் ஷாக் அடிக்குமா என்று கேட்டுவிட்டு ஒதுங்கிக்கொண்டார்கள். திரையில் ஆங்கில எழுத்து மட்டும்தான் வரும். ஏற்காட்டில் கன்னியாஸ்திரிகளிடம் படித்தவள் நான், கையேட்டை ஒரே மாலையில் படித்து முடித்தேன். அதிலிருந்த பதினோரு இலக்கணப் பிழைகளையும் திருத்தி அனுப்பினேன். பதில் வரவில்லை.

விளையாட்டை எழுதியவர் சென்னைக் கல்லூரி ஒன்றில் விரிவுரையாளர். கிணறு என்பதை அவர் ரயில் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கலாம். ஆனாலும் விளையாட்டு மோசமில்லை. நான்கு பேர் ஆட வேண்டும். ஆளுக்கொரு தோட்டம், அடியில் எல்லோருக்கும் ஒரே தண்ணீர். ஒவ்வொரு போகத்துக்கும் என்ன பயிர், எத்தனை அடி ஆழம் என்று, மற்றவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்ள, ஒவ்வொருவராக வந்து பட்டனை அமுக்க வேண்டும். சோளம் போட்டால் தண்ணீர் குறைவு, மூட்டையும் குறைவு. மஞ்சள் போட்டால் இரண்டும் அதிகம். அதிக ஆழம் போட்டவருக்கே முதலில் தண்ணீர். மழை இயந்திரத்தின் இஷ்டம். திரையில் ஒரு கிணறு, அதில் ஒரு கோடு, அதுதான் நீர்மட்டம். கோடு இறங்க இறங்க முதலில் தவளை மறையும், பிறகு தென்னை மரம், கடைசியில் மரத்தில் தொங்கும் தூக்கணாங்குருவிக் கூடு. நடுவில் வற்றிவிட்டால் நான்கு பேருக்கும் பூஜ்யம். வற்றாமல் பன்னிரண்டு போகம் தாண்டினால், யாரிடம் மூட்டை அதிகமோ அவர் வென்றவர்.

பேராசையால் எல்லோருமே கெடுவதைப் பிள்ளைகள் கண்ணால் பார்ப்பார்கள், பார்த்ததும் மாறுவார்கள். கையேட்டில் அப்படித்தான் எழுதியிருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை காலை ஆறரை மணிக்குச் சேலத்திலிருந்து கிளம்பினோம். வண்டி காசிம் பாயின் அம்பாசிடர், வாடகை கிலோமீட்டருக்கு இரண்டு ரூபாய். செவ்வாய்ப்பேட்டையில் மளிகை மொத்த வியாபாரம் செய்யும் குடும்பத்தில், வியாபாரம் பிடிக்காமல் வண்டி ஓட்ட வந்தவர் அவர். ஸ்டெபிலைசரும் கணினியும் டிக்கியில். தொலைக்காட்சியைக் கம்பளியில் சுற்றிப் பின் இருக்கையில் வைத்து, பக்கத்தில் நான் அதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். கேசட் என் கைப்பையில்.

காசிம் பாய் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "சீர்வரிசை கொண்டுபோற மாதிரி இருக்கு டீச்சரம்மா" என்றார்.

"யார் வீட்டுக்குச் சீர்?"

"அது போய் எறங்குனாத்தானே தெரியும். வேணாம்னு திருப்பி அனுப்புனாலும் வாடகை உண்டு."

ஆட்டையாம்பட்டி இருபது கிலோமீட்டர். ஊருக்குள் நுழையும்போதே தறிச் சத்தம். பள்ளியில் ஆண்பிள்ளைகள் நாற்பது பேரைத் தரையில் உட்காரவைத்திருந்தார்கள். கேசட்டிலிருந்து விளையாட்டு ஏறி முடிக்க நான்கு நிமிடம் ஆகும், அத்தனை நேரமும் தகரத்தைச் சுரண்டுவது போல் ஒரு கீச்சொலி. அந்த நான்கு நிமிடமும் பிள்ளைகள் பிரார்த்தனை நேரத்தைவிட அமைதியாக இருந்தார்கள். முதல் ஆட்டத்தில் நான்கு பேரும் மஞ்சள் போட்டார்கள், ஆறாவது போகத்தில் கிணறு வற்றியது. ஒரே சிரிப்பு. இரண்டாவது ஆட்டத்தில் வேறு நான்கு பேர், ஏழாவது போகத்தில் வற்றியது. இதிலிருந்து என்ன தெரிகிறது என்று கேட்டேன். மூன்றாம் வரிசையில் ஒரு பையன் எழுந்தான்.

"ஏனுங்க டீச்சர், இங்க தண்ணி தீந்துபோச்சுன்னா, ரிக்கு வண்டிய ஆந்திராவுக்கு ஓட்டீட்டுப் போறதுக்கு எந்தப் பட்டனுங்க?"

வகுப்பே சிரித்தது, நானும் சிரித்தேன். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: ரிக் என்பது ஆழ்துளைக் கிணறு போடும் இயந்திரம் ஏற்றிய லாரி. திருச்செங்கோட்டுப் பக்கத்து ரிக்குகள் அந்த நாட்களிலேயே வட மாநிலங்கள் வரை போய்த் துளை போட்டுக்கொண்டிருந்தன. பையனின் மாமன் அப்படி ஒரு வண்டியில் வேலை பார்ப்பவர். அப்படிப் பட்டன் கிடையாது என்றேன். "அப்பறம் எப்பிடீங்க பொழைக்கறது?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தான். என் அறிக்கையில் இதை ஒரு வேடிக்கை என்று எழுதினேன். சிரிப்பதற்கு அதில் என்ன இருந்தது என்று இப்போது எனக்குத் தெரியவில்லை.

ஆட்டையாம்பட்டியில் கை முறுக்கு வாங்கிக்கொள்ளுங்கள். அது ஒன்று மட்டும் அன்றும் இன்றும் குறை சொல்ல முடியாதபடி இருக்கிறது.

அங்கிருந்து ராசிபுரம் வழியாக நாமக்கல் நாற்பது கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். தொலைக்காட்சிக்காக மெதுவாகப் போனதில் ஒன்றரை மணி நேரம் பிடித்தது. மழை பொய்த்த வருடம் அது. மரவள்ளிக் காடுகள் முழங்கால் உயரத்திலேயே நின்றுவிட்டிருந்தன. பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு விடுதி, அறை முப்பத்தைந்து ரூபாய், தலையணை உறை மாற்றச் சொல்லி இரண்டு முறை அனுப்பினேன். பதிவேட்டை நீட்டியவர், "துணைக்கு யாரும் வரலீங்களா?" என்று கேட்டார். தொலைக்காட்சி வந்திருக்கிறது என்றேன். தனியாகப் போகும் பெண்களுக்குச் சொல்கிறேன்: இந்தக் கேள்விக்குச் சிரிக்காமல் பதில் சொல்லிப் பழகுங்கள், இரண்டாவது கேள்வி வராது.

மறுநாள் காலை எருமப்பட்டி, நாமக்கல்லுக்குக் கிழக்கே பதினெட்டு கிலோமீட்டர். இடது பக்கம் கொல்லிமலை கூடவே வரும். வலது பக்கம் கோழிப் பண்ணைகள், கார்க் கண்ணாடியை ஏற்றினாலும் உள்ளே வரும் நெடி. வழியில் ஒரு தோட்டத்தில் ரிக் ஓடிக்கொண்டிருந்தது. வெள்ளைப் புழுதி மேகமாக எழுந்து சாலையை மறைத்தது. காசிம் பாய் வண்டியை நிறுத்திக் காத்திருந்தார். "தண்ணிக்குப் போடுற ஓட்டையில மொதல்ல வர்றது புழுதிதான் டீச்சரம்மா. பல எடத்துல கடைசி வரைக்கும் அதுதான்" என்றார்.

பள்ளி ஒரு தனியார் உயர்நிலைப் பள்ளி. சனிக்கிழமையாக இருந்தும் விழா ஏற்பாடு செய்திருந்தார்கள், ஊர்ப் பெரியவர்களும் வந்திருந்தார்கள். வகுப்பறை ஜன்னல்களுக்குப் போர்வை கட்டி இருட்டாக்க ஒரு மாணவியை அனுப்பினார் தலைமையாசிரியர். பெயர் பூங்கொடி, பத்தாம் வகுப்பு. நெடுநெடுவென்று வளர்ந்த பெண், ஸ்டூல் இல்லாமலேயே ஆணிக்குக் கை எட்டியது. நான்காவது ஜன்னலுக்கு வந்தபோது பேசினாள்.

"டீச்சர், இந்த மெஷினு சொன்னா பெரியவங்க கேப்பாங்களா?"

"எந்தப் பெரியவர்கள்?"

"எங்க பெரியப்பா. அவருதானுங்க இந்த ஸ்கூலு தாளாளர்."

விவரத்தை அவளே சொன்னாள். அவளுடைய அப்பாவும் தாளாளரும் கூடப் பிறந்தவர்கள். நிலம் பிரித்தாகிவிட்டது, கிணறு மட்டும் பொது. ஒரு நாள் அண்ணன், ஒரு நாள் தம்பி என்று தண்ணீர் முறை. அவள் அப்பாவின் மூன்று ஏக்கருக்கும் அந்த முறைதான் உயிர். பெரியப்பாவிடம் இரண்டு ரிக் லாரிகள் இருக்கின்றன. கிணற்றிலிருந்து இருபதடி தள்ளித் தன் நிலத்தில் துளை போட அவர் இடம் பார்த்துவிட்டார்.

"அவரு நெலமுங்க, யாரு கேக்கறது? அப்பாவப் பேசச் சொன்னா, அண்ணங்கிட்ட எப்பிடிப் பேசறதுன்னு தலையக் குனிஞ்சுக்கறாரு. நானு சொன்னா வாயாடின்னுவாங்க. மெஷினு சொன்னா?"

"இது கணக்குப் போடும் இயந்திரம். யாருக்காகவும் பொய் சொல்லாது. பார்க்கிறவர்களுக்குப் புரியும்" என்றேன். அந்த வாக்கியத்தில் இன்றும் ஒரு பிழையும் இல்லை.

"அப்ப என்னையும் ஆட உடுங்க டீச்சர்" என்று கேட்டாள். விட்டேன்.

விழா பத்து மணிக்குத் தொடங்கியது. குத்துவிளக்கு ஏற்றத் தலைமையாசிரியரின் மனைவியை அழைத்தார்கள், அடுத்து அங்கிருந்த இன்னும் இரண்டு பெண்களை. சேலத்திலிருந்து எண்பது கிலோமீட்டர் வந்த சிறப்பு விருந்தினரை அழைக்கவில்லை. காரணம் யாரும் சொல்லவில்லை. என் வெறும் நெற்றியைப் பார்த்தால் தெரிகிற காரணத்தை நான் கேட்கவுமில்லை. இயந்திரத்தின் சுவிட்சை மட்டும் நானே போட்டேன், அதற்குச் சகுனம் தெரிந்தவர்கள் யாரும் அங்கே இல்லை.

தாளாளர் முன்வரிசையில் நடுவில் உட்கார்ந்திருந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, எல்லோரையும் "சாமி" என்று அழைக்கும் மென்மையான குரல். ஆட நான்கு பேர்: பூங்கொடி, அவள் வகுப்புப் பையன்கள் இருவர், தாளாளரின் மகன் செந்தில். செந்தில் அவளைவிட ஒரு வயது மூத்தவன், ஒரு வருடம் தவறி அதே வகுப்பில் இருந்தான்.

விதிகளை நான் தமிழில் சொல்லி முடித்ததும் பூங்கொடி கை தூக்கினாள். "ஒளிச்சு வெச்சு அமுக்கோணும்னு சொன்னீங்க. அமுக்கறதுக்கு முன்னால பேசிக்கக்கூடாதுன்னு இருக்குதுங்களா?"

கையேட்டைப் பார்த்தேன், அப்படி விதி எதுவும் இல்லை. சென்னைக்காரர் அதை யோசிக்கவே இல்லை. விளையாடுகிறவர்கள் ஒருவரோடொருவர் பேசுவார்கள் என்பது அவர் மனதில் தோன்றியிருக்காது.

பூங்கொடி மற்ற மூன்று பேரையும் பார்த்துத் திரும்பினாள். "முறை வெச்சுக்கலாம். ஒரு போகத்துக்கு ஒருத்தரு மஞ்ச போடுங்க, மத்த மூணு பேரும் சோளம். அடுத்த போகத்துக்கு அடுத்த ஆளு. ஆளுக்கு மூணு மஞ்ச வரும். ஆழமெல்லாம் ஒரே ஆழம்."

"மொதல்ல யாரு?" என்றான் ஒரு பையன்.

"நீங்க மூணு பேரும் எடுத்துக்குங்க. பங்கு பிரிக்கறவங்க கடேசிலதான எடுக்கோணும்."

முன்வரிசையில் பெரியவர்கள் தலையாட்டினார்கள். அது அவர்கள் வீட்டு வழக்கம், நிலம் பிரித்தாலும் பழம் பிரித்தாலும் பிரித்தவர் கை கடைசியில்தான் நீளும். தாளாளரும் தலையாட்டி, "எந்தம்பி பொண்ணுங்க" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்.

அதன்பின் நடந்ததை நான் எத்தனையோ பள்ளிகளில் மறுபடி எதிர்பார்த்தேன், எங்கும் பார்க்கவில்லை. நான்காவது போகம் தாண்டியது. ஆறாவது தாண்டியது. எட்டாவதில் இயந்திரம் மழையே தரவில்லை, அப்போதும் கோடு கொஞ்சம் இறங்கி நின்றுவிட்டது. தவளை இருந்தது, தென்னை இருந்தது, கூடு இருந்தது. பின்வரிசையில் பெண்பிள்ளைகள் ஒவ்வொரு போகத்துக்கும் எண் சொல்ல ஆரம்பித்தார்கள். பத்தாவதில் தாளாளர் நாற்காலியின் நுனிக்கு வந்து, திரையை நோக்கிக் குனிந்துவிட்டார். பூங்கொடி திரையைப் பார்க்கவேயில்லை, அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பன்னிரண்டாவது போகம். மஞ்சள் முறை பூங்கொடிக்கு. ஒவ்வொருவராக வந்து அமுக்கினார்கள். கோடு சரேலென்று இறங்கியது. தவளை போனது, தென்னை போனது, கூடும் போனது. அடிவரை வற்றவில்லை, ஆனால் மிஞ்சிய தண்ணீர் எட்டாமல் பூங்கொடியின் தோட்டத்துக்கு நேரே அந்தப் போகத்தில் பூஜ்யம் விழுந்தது. அவள் முறையில் செந்திலும் மஞ்சள் போட்டிருந்தான், இருப்பதிலேயே அதிக ஆழத்துக்கு. அவனுக்கு நான்கு மஞ்சள், மற்றவர்களுக்கு மூன்று, அவளுக்கு இரண்டு. மூன்றாம் எண் ஆட்டக்காரர், அதாவது செந்தில், வென்றார் என்று ஆங்கிலத்தில் எழுத்து வந்து மின்னியது. இயந்திரம் ஒரு சின்ன இசையும் வாசித்தது.

"அண்ணா, முறைன்னு ஒத்துக்கிட்டுத்தான ஆடுன?" என்றாள் பூங்கொடி.

"பதினொண்ணு வரைக்கும் இருந்தேனே" என்றான் செந்தில். அவன் குரலில் கள்ளம் எதுவும் இல்லை. "அதுக்கப்பறந்தான் ஆட்டமே இல்லியே. யாருக்கு என்ன நட்டம்?"

முன்வரிசையில் ஒரு சிரிப்பு எழுந்தது, தாளாளர்தான் சிரித்தார். மகனைக் கூப்பிட்டு முதுகில் தட்டினார். வென்றவருக்கென்று வைத்திருந்த எவர்சில்வர் டிபன் கேரியரைத் தன் கையாலேயே கொடுத்தார். கைதட்டல்.

பூங்கொடி என் பக்கத்தில் வந்து நின்றாள். "டீச்சர், பதிமூணாவது போகம் இல்லீங்களா?"

"இல்லை" என்றேன்.

"பதிமூணு இருந்திருந்தா அண்ணன் போட்டிருக்க மாட்டானுங்க" என்று சொல்லிவிட்டு, ஜன்னல் போர்வைகளை அவிழ்க்கப் போனாள்.

சாப்பாட்டு நேரத்தில் தாளாளரிடம் நான் நேராகவே பேசினேன். சுற்றி வளைப்பது எனக்கு வராது. உங்கள் தம்பி பெண் பதினோரு போகம் கிணற்றைக் காப்பாற்றிக் காட்டினாள், பார்த்தீர்கள் அல்லவா என்று கேட்டேன்.

"நல்லாப் பாத்தனுங்க டீச்சரம்மா. நல்ல மெஷினு. நாங்க இருவது வருசமா அனுபவிச்சுத் தெரிஞ்சுக்கிட்டத அரை மணி நேரத்துல சொல்லிப்போட்டுது."

"என்ன சொன்னது?"

"மொதல்ல யாரு ஆழமாப் போறாங்களோ அவிகளுக்குத்தான் தண்ணி. பின்னால போறவிய முறை பேசிக்கிட்டு நிக்கோணும்." என் இலையைப் பார்த்து, "ரசம் ஊத்தச் சொல்லுட்டுங்களா?" என்றார். பிறகு, "ஒண்ணு கேக்கோணும்ங்க. அந்தக் குருவிக் கூடு போச்சுதே, அதுக்கு எத்தன மூட்டை கொறையும்?"

"அதற்குக் கணக்கு இல்லை."

"அப்பறம் அத எதுக்குங்க படம் போட்டீங்க?"

என்னிடம் பதில் இருந்தது, ஒரு பாடவேளை நீளத்துக்கு இருந்தது. அவர் மரியாதையோடு முழுவதையும் கேட்டார். கடைசியில் சொன்னார்: "தம்பிக்கும் போரு போட்டுத் தாரேன்னுதானுங்க சொல்றேன். டீசலுக்கு மட்டும் குடுத்தாப் போதும். அவந்தான் கெணறு போதும்ங்கறான்."

திரும்பும் வழியில் காசிம் பாய், "சீர எடுத்துக்கிட்டாங்களா டீச்சரம்மா?" என்று கேட்டார். எடுத்துக்கொண்டார்கள் என்றேன்.

அந்த வாரமே சென்னை விரிவுரையாளருக்கு எழுதினேன். குருவிக்கும் மதிப்பெண் வேண்டும், ஆட்டம் எப்போது முடியும் என்று ஆடுகிறவருக்குத் தெரியக்கூடாது, பன்னிரண்டுக்குப் பிறகும் போகங்கள் வேண்டும். இந்த முறை பதில் வந்தது, இரண்டு வரி: தங்கள் ஆர்வத்துக்கு நன்றி; இயந்திரத்தின் நினைவகத்தில் அதற்கு மேல் இடமில்லை.

1988 ஏப்ரலில் மறுபடி எருமப்பட்டிக்குப் போனேன். விளையாடிய பிள்ளைகள் சூழலியலில் என்ன கற்றார்கள் என்று ஒரு தேர்வு வைத்து முடிவை அனுப்பச் சென்னை அமைப்பு சொல்லியிருந்தது. காருக்குப் பணம் இல்லை என்றுவிட்டார்கள், அதனால் பேருந்து. சேலத்திலிருந்து நாமக்கல் ஒன்றேமுக்கால் மணி நேரம், அங்கிருந்து டவுன் பஸ்ஸில் முக்கால் மணி நேரம். உட்கார இடம் கிடைக்காது, கிடைத்தாலும் கோழித் தீவன மூட்டையோடு பகிர்ந்துகொள்ள வேண்டும்.

விடைத்தாள்கள் அற்புதமாக இருந்தன. நிலத்தடி நீரைப் பாதுகாப்பது எப்படி என்ற கேள்விக்கு எல்லோரும் ஐந்து காரணங்களை வரிசையாக எழுதியிருந்தார்கள். முழு மதிப்பெண் வாங்கியவன் செந்தில். கையெழுத்தும் திருந்தியிருந்தது. பூங்கொடியின் விடைத்தாள் மட்டும் இல்லை.

"அந்தப் புள்ள பொங்கலுக்கு அப்பறம் வாரதில்லீங்க. பரிட்சையும் எழுதல" என்றார் தலைமையாசிரியர். தாளாளர் வீட்டுக் காரியம் என்பதால் அதற்கு மேல் பேச அவருக்கு விருப்பமில்லை.

கிணறு பள்ளியிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர். வெயிலில் நடந்தேன். குடை பிடித்து நடந்துவரும் என்னைத் தூரத்திலேயே பார்த்து செந்தில் ஓடி வந்தான். "வாங்க டீச்சர், எளநி சாப்புடுங்க" என்று உடனே மரத்தில் ஆளை ஏற்றினான். நல்ல பிள்ளை, உபசாரத்தில் ஒரு குறையும் இல்லை. கிணற்றின் அடியில் சேறு வெடித்துக் கிடந்தது, மோட்டாரைக் கழற்றி எடுத்துவிட்டிருந்தார்கள். கிணற்றை நோக்கிச் சாய்ந்திருந்த தென்னையில் தூக்கணாங்குருவிக் கூடுகள் நாலைந்து தொங்கின, எல்லாம் போன வருடத்துப் பழங்கூடுகள், சாம்பல் நிறம். கீழே தண்ணீர் இருந்தால்தான் அந்தக் குருவி கட்டும், பாம்புக்குப் பயந்து. இருபதடி தள்ளி ஒரு தடித்த குழாயிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. அதன் பின்னால் கரும்பு, ஆள் உயரத்துக்கு.

"எத்தனை அடி?" என்று கேட்டேன்.

"மொதல்ல எரநூத்தம்பதுங்க. மார்கழிலயே கொறஞ்சுபோச்சு, நானூறுக்கு எறக்குனோம். இன்னும் நூறு எறக்கோணும்னு அப்பா சொல்றாரு."

"சித்தப்பா?"

"கெணத்துல தண்ணி இல்லாம என்ன பண்றதுங்க? நெலத்த எங்களுக்கே குடுத்துட்டுப் பண்ணைக்கு வேலைக்குப் போயிட்டாரு. வெளியாளுக்கு உடறதுக்கு எங்களுக்கே குடுத்தது நல்லதுதானுங்களே."

அந்தக் கோழிப் பண்ணை நாமக்கல் போகும் சாலையிலேயே இருந்தது. இறங்கிக் கேட்டேன். நீளக் கொட்டகையின் ஓரத்தில், முட்டைகளைப் பருமன் பார்த்து அட்டைகளில் அடுக்கிக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தியாகப் பூங்கொடி நின்றாள். என்னைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். தேர்வு எழுதியிருக்கலாமே என்று கேட்டேன்.

"வூடே இங்க பண்ணைக்குள்ளதாங்க டீச்சர். அம்மாளுக்கு ஒடம்பு செரியில்ல, ரெண்டு பேரு வேல பார்த்தாத்தான் தங்க எடம் குடுப்பாங்க." பிறகு, ஒரு பொது விஷயத்தை விசாரிப்பது போல, "அந்தப் பதிமூணாவது போகம், எழுதிக் கேட்டீங்களா?" என்றாள்.

"கேட்டேன். இயந்திரத்தில் இடமில்லையாம்."

"செரிங்க" என்றாள். மேஸ்திரி கூப்பிட்டார். "வாரேனுங்க டீச்சர்" என்று சொல்லி உள்ளே போய்விட்டாள்.

அமைப்புக்கு மதிப்பெண் பட்டியலை அனுப்பினேன். நடந்ததைத் தனியாக நான்கு பக்கம் எழுதி இணைத்தேன். அச்சான அறிக்கையில் பட்டியல் இருந்தது, நான்கு பக்கம் இல்லை. எருமப்பட்டி நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துடன் முதலிடம் என்று படத்தோடு போட்டிருந்தார்கள். படத்தில் டிபன் கேரியரோடு செந்தில். கணினி அடுத்த வருடம் எங்கள் பள்ளி அலமாரிக்குள் போனது. சாவியை யாரிடம் கொடுத்தார்கள் என்று நான் விசாரிக்கவில்லை.

இனி, போக நினைப்பவர்களுக்கு. சேலத்திலிருந்து நாமக்கல்லுக்கு இப்போது நல்ல நான்கு வழிச்சாலை, ஒரு மணி நேரத்தில் போய்விடலாம். ஜூலை முதல் செப்டம்பர் வரை பள்ளிகள் ஓரளவு ஓய்வாக இருக்கும். தலைமையாசிரியரிடம் முன்பே எழுதிக் கேளுங்கள், முன்வரிசையில் யார் உட்காரப்போகிறார்கள் என்பதையும் கேளுங்கள், உங்கள் விளையாட்டு முதலில் போய்ச் சேரப்போவது அவர்களைத்தான். பிள்ளைகளைப் பேசவிடுங்கள். வென்றவருக்குப் பரிசு என்று யாராவது வாங்கி வைத்திருந்தால் வாசலிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். தேர்வு வைக்காதீர்கள், எல்லோரும் சரியாகத்தான் எழுதுவார்கள்.

பெங்களூர் இளைஞர்களிடம் அவர்கள் ஆட்டத்தில் எத்தனை போகம் என்று கேட்டேன். இப்போதெல்லாம் நினைவகத்துக்குப் பஞ்சமே இல்லை மேடம், எத்தனை வேண்டுமானாலும் வைக்கலாம், ஆனால் பத்து நிமிடத்துக்கு மேல் பிள்ளைகள் உட்கார மாட்டார்கள், அதனால் எட்டோடு நிறுத்திவிட்டோம் என்றார்கள். அந்தக் கிணற்றைப் பார்க்க முடியுமா என்றும் கேட்டார்கள், படம் எடுக்க நன்றாக இருக்குமாம். பார்க்க முடியாது. கரும்பும் போய், கிணற்றையும் மூடி, அந்த இடத்தில் கோழிக் கொட்டகை வந்து பல வருடம் ஆகிறது.

இன்னொன்று. எருமப்பட்டிப் பக்கம் போகிறவர்கள் குடிக்கத் தண்ணீரை நாமக்கல்லிலேயே வாங்கிக்கொண்டு போங்கள்.